பதினைந்தாம் இடத்துக் கோப்பை

திங்கட்கிழமை காலை வந்த முதல் நோயாளியே வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு ரக்பி கோச்சைத் திட்டினார். கடைவாய்ப் பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே பஞ்சு உருண்டைகளைத் திணித்து, நாக்குக்குக் கீழே எச்சில் உறிஞ்சும் குழாயை மாட்டிய பிறகும் அந்த மனிதருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "அந்ஹ கோஷ்ஷை மொஹல்ல தொஹத்தணும்" என்றார். குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு ஒவ்வோர் எழுத்தும் புரிந்தது. பல் மருத்துவமனையில் வருடக்கணக்காக உதவியாளராக இருப்பவள் அவள். எந்த வாயில் எது அடைத்திருந்தாலும் பேச்சு பிடிபட்டுவிடும். கோச்சை முதலில் துரத்த வேண்டுமாம். அந்தக் கோச்சுக்குத்தான் காலையில் சட்டை தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது.

டாக்டருக்குத் தெரியும். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களாலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, "வாயை நல்லாத் தொறங்க சார்" என்று இயந்திரத்தை ஓடவிட்டார். பாதிப் பல்லைக் குடைந்ததும் அவருக்கே பொறுக்கவில்லை. "இருந்தாலும் அந்தத் தாத்தாவையே திரும்பத் திரும்ப எறக்குறது கொஞ்சம் அதிகம்தான்" என்று பல்லிடம் சொல்வது போலச் சொன்னார். நாற்காலியில் மல்லாந்திருந்தவர் மூச்சுமுட்ட உற்சாகமாகத் தலையாட்டப் போய், டாக்டர் பதறி அவர் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

தாத்தாவுக்கு வயது முப்பத்தாறு. தேசிய ரக்பி அணியின் பதினைந்தாம் எண். அணியில் எல்லோருக்கும் பின்னால், மைதானத்தின் கடைசியில் தனியாக நிற்பவன். எதிரணி வானத்துக்கு உதைக்கும் பந்தை, தன்மேல் மோத ஓடிவரும் முரடர்களைப் பார்க்காமல், அண்ணாந்து பிடிப்பதுதான் அவன் வேலை. ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பான். இப்போது கண்ணைத் திறந்துகொண்டே விடுகிறான். நான்கு ஆட்டங்கள் வரிசையாகத் தோற்றாகிவிட்டது, நான்கிலும் அவன் விட்ட பந்து ஒன்றாவது இருந்தது. அவனுக்குப் பதிலாக இறங்க வேண்டிய இளைஞன், சின்னவன் என்று எல்லோரும் கூப்பிடுகிறவன், பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறான். ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு கடைசி ஐந்து நிமிடம் அவனை இறக்குவார்கள். வீடு எரிந்து முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவது போல.

இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வயிற்றெரிச்சலே அதுதான். திட்டுகிறவர்கள் சொல்வது ஒவ்வொன்றும் அவள் மனதில் அதற்கு முன்பே ஓடியதாக இருந்தது, அவர்களைவிட இரண்டு மடங்கு காரமாக. ஆனால் அவள் மட்டும் வாயைத் திறக்க முடியாது. பஞ்சு அடைத்த மனிதருக்கு இருக்கும் உரிமைகூட அவளுக்கு இல்லை.

கல்யாணத்துக்கு முன்பு அவளும் அண்ணனும் மைதானத்தின் மேற்கு முனையில், கூரை இல்லாத பெஞ்சுகளில் உட்கார்ந்துதான் எல்லா ஆட்டத்தையும் பார்ப்பார்கள். அவள் புருஷன் அப்போது கோச் இல்லை, எட்டாம் எண் ஆட்டக்காரர். பெயரெல்லாம் சொல்லிக் கத்த அவளுக்குக் கூச்சம், அதனால் "எட்டு! குனிஞ்சு போ எட்டு! என்ன, வேடிக்கையா பார்க்கிற?" என்று தொண்டை கிழியக் கத்துவாள். மைதானத்தில் இருபதாயிரம் பேர் கத்தினாலும் தனக்கு அந்த ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்கும் என்று அவர் பிறகு சொல்லியிருக்கிறார். பெண் கேட்டு வந்தபோது, "என்னை அவ்வளவு சரியாத் திட்டுறது யாருன்னு பார்க்கணும்னு தோணுச்சு" என்றுதான் ஆரம்பித்தார். அண்ணன் அன்று சிரித்த சிரிப்பை இன்னும் நிறுத்தவில்லை.

அவர் கோச் ஆனதும் அவளுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் மெத்தை இருக்கை கிடைத்தது. அணியினரின் குடும்பங்கள் உட்காரும் இடம். தொலைக்காட்சிக் கேமரா அடிக்கடி அங்கே திரும்பும் என்பதால் எப்போதும் லேசாகச் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு வருடமாக அவள் ஒரு முறைகூடக் கத்தவில்லை. கத்தாமல் ஆட்டம் பார்ப்பது அவளுக்குக் காய்ச்சலில் படுத்திருப்பது மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை மாலைகளில் அவர் சாப்பாட்டு மேஜையில் அணியைத் தேர்ந்தெடுப்பார். முன்வரிசை முரடர்கள் எட்டுப் பேரும் எவர்சில்வர் டம்ளர்கள். பின்னால் ஓடுகிறவர்கள் பீங்கான் கோப்பைகள். ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார், தள்ளிப் பார்ப்பார், நாடியைத் தடவிக்கொண்டு நிற்பார். சனிக்கிழமை ஆட்டம் முடியும்வரை அந்த மேஜையை யாரும் தொடக் கூடாது. புருஷன் பெண்டாட்டி இருவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில்தான் சாப்பிட வேண்டும். இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பதினைந்தாம் இடத்தில், மேஜையின் கடைசி விளிம்பில் நிற்பது விளிம்பு உடைந்த நீலக் கோப்பை. அது தாத்தாவுடைய கோப்பை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் இங்கேதான் சாப்பிட வருவான். "அண்ணி, அந்த ஒடஞ்சதுலயே டீ குடுங்க, நான் ஒடச்சதை நானே குடிச்சுத் தீக்குறேன்" என்பான். அவர் முழங்கால் நொறுங்கி ஆட்டத்தைவிட்டே போன அன்று, அணிக்குப் புதிதாக வந்திருந்த இவன்தான் அவரைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஸ்ட்ரெச்சர் வரும்வரை காத்திருக்க அவனுக்குப் பொறுமையில்லை. அதை அவளும் மறக்கவில்லை. ஆனால் தூக்கிக்கொண்டு ஓடியதற்குப் பதினைந்தாம் எண் சட்டையை ஆயுள் சந்தாவாகக் கொடுப்பார்களா?

இந்த வியாழக்கிழமை அவர் கை கழுவப் போன நேரத்தில் அவள் நீலக் கோப்பையை எடுத்துவிட்டு அங்கே மஞ்சள் கோப்பையை வைத்தாள். அது சின்னவன். வைத்துவிட்டு, அடுப்பில் இல்லாத பாலைக் கிண்டுவது போல நின்றாள்.

அவர் திரும்பி வந்து பார்த்தார். மஞ்சளை எடுத்துவிட்டு நீலத்தை வைத்தார்.

"கிளினிக்ல யாரு என்ன சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நான்தான் சொல்றேன்."

"நீ சொல்றியா, இல்ல ஊரு சொல்றதைச் சொல்றியா?"

அவளுக்கு மூக்கு நுனிவரை சூடேறியது. "உங்களுக்கு கோச்னு பேரு வர்றதுக்கு முன்னாடியே நான் ஆட்டம் பார்க்க ஆரம்பிச்சுட்டேன். அவன் பந்து வர்றதுக்கு முன்னாடியே தோளைச் சுருக்கிக்கிறான். உங்களுக்குத் தெரியலைன்னு சொல்லுங்க பார்ப்போம்."

அவர் தெரியவில்லை என்று சொல்லவில்லை. கோப்பையை விரலால் கொஞ்சம் நேராக்கினார். "நாலு பேரு கத்துறானுங்கன்னு ஒருத்தனை மாத்துனா, அப்புறம் டீமை அவனுங்கதான் நடத்துவானுங்க. கத்துறது நின்னா, நானே மாத்துவேன்."

கத்தல் நிற்க வேண்டுமென்றால் தோல்வி நிற்க வேண்டும். தோல்வி நிற்க வேண்டுமென்றால் தாத்தா வெளியே போக வேண்டும். இதை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொண்டு சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. முதல் ஆட்டம் தோற்றபோதே, ஊர் ஆரம்பிப்பதற்கு முன்பே, அவள் சொல்லியிருந்தால் அது அவள் பேச்சாக இருந்திருக்கும். வீட்டில் நிம்மதி கெடக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டிருந்ததில், இப்போது அவளும் நாலு பேரில் ஐந்தாவது ஆளாகிவிட்டாள்.

சனிக்கிழமை அவள் மெத்தை இருக்கைக்குப் போகவில்லை. அண்ணனுக்குப் போன் செய்து, "உன்கூட வரேன்" என்றாள். பஸ் ஓட்டுகிற அண்ணன், "குடை எடுத்துக்க பாப்பா, அங்க இன்னும் கூரை போடல" என்றான்.

மழை நன்றாகவே பெய்தது. மேற்கு முனையில் அதே நனைந்த பெஞ்சு, அதே ஈரத் துணி வாடை. முதல் பாதியில் நம் அணி ஐந்து புள்ளி முன்னால் இருந்தது. இரண்டாம் பாதியில் எதிரணிக்கு எதுவுமே யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பந்து கிடைத்தால் தாத்தாவின் தலைக்கு மேலே உதைத்தார்கள், அவ்வளவுதான். மூன்றாவது பந்து அவன் மார்பில் பட்டுத் தெறித்தது. பின்னால் ஓடிவந்த எதிரணிக்காரன் அள்ளிக்கொண்டுபோய்க் கோட்டுக்கு அப்பால் வைத்தான், அதற்கான கூடுதல் உதையும் உள்ளே போனது, மொத்தம் ஏழு புள்ளி. இப்போது நாம் இரண்டு புள்ளி பின்னால்.

"தாத்தா வீட்டுக்குப் போ!" என்று சுற்றிலும் கூச்சல் எழுந்தது. அண்ணன் மட்டும் குடைக்கம்பியை முறுக்கிக்கொண்டு பல்லைக் கடித்தான்.

"நீயும் கத்தேன்" என்றாள்.

"நீ பக்கத்துல இருக்கும்போது மாப்பிள்ளையை எப்படித் திட்டுறது? கோயிலுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கேன், பேசாம இரு."

பத்து நிமிடம் மிச்சமிருக்கையில் தாத்தா மறுபடி ஒரு பந்துக்கு எம்பி, மோதல் வாங்கி, கீழே விழுந்து எழாமல் கிடந்தான். ஆட்டம் நின்றது. அணியின் டாக்டர் ஓடினார். அடிபட்டுக் கிடப்பவனைத் திட்டக் கூடாதென்று கூட்டத்துக்கும் ஒரு மரியாதை உண்டு, அதனால் மைதானம் முழுக்க ஒரே அமைதி. மழைச் சத்தம் கேட்டது. கோட்டோரத்தில் கோச் எழுந்து கையசைத்தார். சின்னவனும் எழுந்து மேல்சட்டையைக் கழற்றினான். கோச் அவன் தோளில் கை வைத்தார். தாத்தா மெல்ல உட்கார்ந்து, எழுந்து, தனக்கு ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினான். கோச்சின் கை இன்னும் அந்தத் தோளிலேயே இருந்தது. தள்ளுகிறதா, அமுக்குகிறதா என்று இவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.

நான்கு வருடம் அடைத்து வைத்தது அந்தக் கணத்தில் கிளம்பிவிட்டது. தான் எழுந்து நின்றதே அவளுக்குத் தெரியாது.

"என்னங்க! அவனை மாத்துங்க!"

கத்திய பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. ஒரு ஊரே சேர்ந்து கோச்சை என்னென்னவோ சொல்லிக் கூப்பிடுகிறது. ஆனால் 'என்னங்க' என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் இருக்க முடியும். முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒருவன் அவளை உற்றுப் பார்த்தான், பிறகு வாயைப் பொத்தினான். "டேய், வீட்டம்மாடா!" என்றது ஒரு குரல். முதலில் சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னால் கைதட்டல். எங்கோ ஒருவன் ஆரம்பித்துவைக்க, மேற்கு முனை முழுக்கத் தாளத்தோடு பிடித்துக்கொண்டது.

"என்னங்க! மாத்துங்க! என்னங்க! மாத்துங்க!"

கோட்டோரத்தில் அவர் திரும்பினார். அத்தனை கூட்டத்தில் அவள் எங்கே நிற்கிறாள் என்று அவர் தேடவில்லை. நேராக அந்தப் பழைய பெஞ்சைப் பார்த்தார். மைதானத்தின் கடைசியில், சேறு பூசிய முகத்தோடு தாத்தாவும் திரும்பிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் 'அண்ணி, இன்னும் கொஞ்சம் சோறு' என்று கேட்கிற முகம். அவள் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் குடையைச் சாய்த்து அவள் முகத்தை மறைத்தான்.

குடையின் ஓரத்தில் அவள் பார்த்தாள். கோச் சின்னவனின் மேல்சட்டையைத் தன் கையாலேயே எடுத்து அவன் தோளில் போர்த்தினார். அவன் உட்கார்ந்தான்.

அடுத்து வந்த உயரப் பந்தைத் தாத்தா பிடித்தான். வழுக்கி, மண்டியிட்டு, இரண்டு கையாலும் மார்போடு அணைத்து, சுத்தமாகப் பிடித்தான். ஒருவரும் கைதட்டவில்லை. அவள் கைகள் மட்டும் பாதிவரை வந்து நின்றன. அதற்கடுத்த பந்தை விட்டான். அது வெளியே உருண்டு போனது, புள்ளி ஒன்றும் போகவில்லை. அந்த இரண்டு புள்ளியிலேயே தோற்றார்கள்.

வெளியே வரும்போது முன்பின் தெரியாதவர்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். ஒரு பெண் கையைப் பிடித்துக் குலுக்கி, "எங்க மனசுல இருந்ததைச் சொல்லிட்டீங்கக்கா" என்றாள். அவளுக்கு அழுகை வந்தது, கூடவே அந்தப் பெண்ணை ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது. பஸ் நிறுத்தத்தில் அண்ணனிடம், "சின்னவனை அனுப்பத்தான் எழுப்பினாரோ?" என்று கேட்டாள். அண்ணன் குடையை உதறினான். "தெரியல பாப்பா. நானும் அந்தக் கையைத்தான் பார்த்துட்டு இருந்தேன்."

அவர் வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. ஈரக் காலணிகளை வாசலில் கழற்றிவிட்டு, உடைகூட மாற்றாமல் நேராகச் சாப்பாட்டு மேஜைக்குப் போனார். எப்போதும் போலத்தான். டம்ளர்களை எடுத்துக் கழுவினார், கவிழ்த்து வைத்தார். கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அலமாரியில் அடுக்கினார். அவள் அடுக்களை வாசலில் நின்றாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. திட்டினால் பதிலுக்குத் திட்டலாம்.

"அந்தப் பையனை எழுப்பினது, அனுப்பத்தானே?"

அவர் குழாயை மூடினார். "இப்ப எதுக்கு அது?"

"எனக்குத் தெரியணும்."

"உன் குரல் கேட்டுச்சு" என்றார். "பழைய மாதிரியே இருந்துச்சு." அது புகாரா, வேறு ஏதாவதா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. தெருவில் சைக்கிளில் போன பிள்ளைகள் இரண்டு பேர், "என்னங்க! மாத்துங்க!" என்று மணியடித்துக்கொண்டே போனார்கள். அவர் அது கேட்டு முடியும்வரை காத்திருந்தார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை" என்றார். "அவன் சாப்பிட வருவான். அவனை மாத்தணும்னு நீயே சொல்லிடு."

"நானா?"

அவர் ஈரத் துணியைப் பிழிந்து எடுத்து வந்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். எல்லாம் எடுத்தாகிவிட்டது, கடைசி விளிம்பில் நீலக் கோப்பை மட்டும் நின்றது. அவர் அதை எடுக்கவில்லை. அதைச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.