நீலம் தீட்டாத ஏரி

நில அளவை அலுவலகத்து வரைபட அறைக்காரரின் தங்கை நாலு வருஷம் இடம் தேடி அலைந்து, ஒருவழியாக ஊரின் மேற்குப் பக்கத்தில் ஒரு மனையைப் பிடித்துவிட்டாள். மறுநாள் பத்திரப்பதிவு. மனை எண்ணை எடுத்துக்கொண்டு நேராக அவர் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"ஒரு பார்வை பார்த்துடுண்ணா. நீ சரின்னா கண்ணை மூடிட்டு வாங்கிடுவேன்."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. முப்பது வருஷமாக அந்த அறையில் தூசி தின்றவர். ஊர் எப்போது எந்தப் பக்கம் வீங்கியது என்று அதிகாரிகளே அவரிடம்தான் கேட்பார்கள். மூன்று வரைபடங்களை மேசையில் விரித்தார்.

எண்பது வருஷத்துக்கு முந்தையதில் அந்த இடம் முழுக்க நீலம். ஏரி. அடுத்ததில் ஏரி பாதியாகி, கரையோரம் சாலை வந்திருந்தது. மூன்றாவதில் வெறும் வெள்ளை. அதன் மூலையில், வரைந்தவர் என்ற இடத்தில், அவருடைய கையெழுத்து.

அது அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது, கடும் வறட்சி. அளக்கப் போனவர்கள் 'தண்ணீர் இல்லை' என்று குறித்து வந்தார்கள். இல்லாத தண்ணீருக்கு எதற்கு நீலம் என்று விட்டுவிட்டார். ஏரி என்று பெயராவது எழுதித் தொலைத்திருக்கலாம். பாவி மனுஷன், ஒரு கோடையை நம்பி ஒரு ஏரியையே துடைத்துவிட்டார். அந்த வெள்ளையைக் காட்டித்தான் பிறகு மனை போட்டு விற்றார்கள்.

பக்கத்தில் குப்பைமேடு வரப்போகிறது என்று ஏதாவது கதை விடலாமா என்று யோசித்தார். தங்கை முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

"வாங்காதேம்மா. அது ஏரி. மழை வலுத்தா தண்ணி வீட்டுக்குள்ளதான் நிக்கும்."

"புது மேப்புல இல்லையே?"

"நான்தான் வரையல."

அவள் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"எனக்கு அண்ணன் நீ இருக்கே, தப்பிச்சேன்" என்றாள் கடைசியில். "அங்க ஏற்கெனவே முந்நூறு குடும்பம் இருக்குண்ணா. மனைக்குப் பக்கத்து வீட்டு அக்கா, சீக்கிரம் கட்டிக் குடிவந்துடுங்க, பேச்சுத்துணைக்கு ஆச்சுன்னு சொன்னாங்க. அவங்ககிட்ட யாரு சொல்றது?"

மறுநாள் காலை மூன்று வரைபடங்களையும் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போய், அந்த அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார்.

"யாருங்க நீங்க?" என்று கேட்டாள் அவள்.

வெள்ளை வரைபடத்தை விரித்து, முதலில் கையெழுத்தைக் காட்டினார்.