மூச்சு படுகிற தூரம்

அண்ணன் அந்தக் காய்ச்சலில் கண்ணை மூடியதும், அண்ணி அவர் கொஞ்சி வளர்த்த பூனையை அடித்து விரட்டினாள். "இந்தச் சனியன்தான் எங்கேயோ மேஞ்சுட்டு வந்து அவருக்கு ஒட்ட வெச்சிருச்சு" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வைரஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள் நான். வாசலில் தும்மிக்கொண்டிருந்த பூனையைப் பிடித்து, மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் சளி எடுத்துக்கொண்டு போனேன். அண்ணனுடைய சளி மாதிரி ஏற்கெனவே அங்கே இருந்தது.

முடிவு வந்த அன்றே அண்ணியை உட்காரவைத்துச் சொன்னேன். "வைரஸ் மேல முள்ளு முள்ளா இருக்குல்ல, அது நம்ம செல்லுல ஒரு புரதத்தைப் பிடிச்சுத்தான் உள்ள நுழையும். கிட்டத்தட்ட அதே புரதம் பூனைக்கும் இருக்கு அண்ணி. அண்ணனோட வைரஸ்ல இருந்த மாற்றம் அத்தனையும் பூனைகிட்ட இருக்கு. கூடவே முள்ளுல புதுசா ஒரு மாற்றம். அது அண்ணன்கிட்ட இல்ல, பூனைக்குள்ள போனப்புறம்தான் வந்திருக்கு. அண்ணன்கிட்ட இருந்துதான் பூனைக்குப் போயிருக்கு, போதுமா?"

ஜெயித்துவிட்ட மிதப்பில் இருந்தேன். அண்ணி மெதுவாகக் கேட்டாள். "அப்படி ஒட்டணும்னா எவ்வளவு பக்கத்துல இருந்திருக்கணும்?"

"மூச்சு படுற தூரத்துல."

அண்ணன் கிடந்த அறைக்குள் நாங்கள் யாரும் போகவில்லை. சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு விலகி வந்தோம். ஜன்னல் மட்டும் திறந்திருந்தது.

"அப்போ அது மட்டும்தான் அவர்கூடப் படுத்திருந்திருக்கு" என்றாள் அண்ணி.

எழுந்து வாசலுக்குப் போனாள். அண்ணன் கொஞ்சுவது போலவே பூனையைக் கூப்பிட்டாள். அவள் குரல் கேட்டதும் அது மதிலேறி ஓடிவிட்டது.