வலப்பக்கம் திரும்பாத விமானம்

என் கணவர் கருணாகரனுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. சோறு போட்டால் பாதியில் எழுந்து போய், தான் செய்கிற பொம்மை விமானத்தைப் பார்த்துவிட்டு வருவார். சுதந்திரம் வருகிறதென்று எங்கள் ஊர் காஜா பெராங் முழுக்கத் தோரணமும் வண்ண பல்புமாக இருந்தது. பஸ் கம்பெனி மெக்கானிக்கான இவரோ பால்சா என்ற லேசான மரக்குச்சியையும் மெல்லிய காகிதத்தையும் ஒட்டி, ஜப்பான்காரனின் சண்டை விமானத்தைச் செய்துகொண்டிருந்தார். ரப்பர் நாடாவை முறுக்கிவிட்டால் பறக்கும்.

விளையாட்டு என்றால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். ஜப்பான்காரன் வந்த புதிதில் குருபோங் செம்மண் சாலையில் இவரும் தம்பி தியாகுவும் நடந்துகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு விமானம் பாய்ந்து இறங்கியது. மரங்கள் இடப்பக்கம்தான் இருந்தன. "இடப்பக்கம் ஓடுடா!" என்று இவர் கத்தினார். தியாகு இடப்பக்கம் ஓடினான். விமானமும் இடப்பக்கம் வளைந்து அவனைச் சுட்டுக் கொன்றது. இவர் கால் இடறி வலப்பக்கக் கால்வாயில் விழுந்து பிழைத்துக்கொண்டார்.

வலப்பக்கம் என்று கத்தியிருந்தால்? பதினைந்து வருஷமாக இவருக்கு இதே கேள்விதான்.

பத்து பெரெண்டாம் விமானத் திடலில் வேலை செய்யும் ஷம்சுதீன் பாய் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். சண்டை முடிந்ததும் பிடிபட்ட ஜப்பான் விமானங்களை வெள்ளைக்காரர்கள் ஜொகூரில் ஓட்டிப் பார்த்தபோது அவர் அங்கே வேலையில் இருந்தவர்.

"ரொம்ப லேசான பிளேன் கருணா. மெதுவாப் போனா காத்தாடி மாதிரி சுத்தும். வேகமா இறங்குறப்போ திருப்புற கைப்பிடி இறுகிடும். இடப்பக்கமாவது கொஞ்சம் வரும், வலப்பக்கம் அசையவே அசையாதும்பாங்க."

அன்று பிடித்தது சனி; அது வலப்பக்கம் திரும்புமா என்று பார்க்கத்தான் இந்தப் பொம்மை. நிஜ விமானத்தில் எடைக்குப் பயந்து விமானிக்குக் கவசத் தகடுகூட வைக்கவில்லையாம். இவரும் பசையை ஊசி முனையில் தொட்டு வைத்தார், மரத்தை மணல்தாளில் தேய்த்துத் தேய்த்து இளைக்க வைத்தார். வாலில் ஒரு சின்ன அட்டை இருந்தது. அதை வளைத்த பக்கம் விமானம் திரும்பும். பாய்ந்து இறங்கும்போது ஒரு மனிதனின் கைபலம் எவ்வளவு திருப்பும் என்று பாயோடு பேசிப் பேசி, அட்டை வளையும் இடத்தில் இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்டிருந்தார். கோட்டைத் தாண்டி வளைத்தால் அது பொய்க் கணக்கு.

"ரப்பர் நாடா வந்து சாட்சி சொல்லுமாக்கும்," என்றேன். இவர் மறுபடி மணல்தாளை எடுத்தார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு பாயின் விமானத் திடலுக்குக் கிளம்பினார். தியாகுவின் மனைவி ருக்மணி, விழா பார்க்க உஜோங் பாசிரிலிருந்து வந்திருந்தாள். அவளும் நானும் பின்னாலேயே போனோம்.

அட்டையை இடப்பக்கம் கோடுவரை வளைத்துப் பறக்கவிட்டார். விமானம் அழகாக இடப்பக்கம் வளைந்தது. வலப்பக்கம் கோடுவரை வளைத்துப் பறக்கவிட்டார். அது நேராகவே போய் லாலாங் புல்லில் விழுந்தது. மறுபடி விட்டார், மறுபடியும் நேராகத்தான் போனது.

"கமலம்," என்று என் பக்கம் திரும்பினார். "வலப்பக்கம் ஓடியிருந்தா தியாகு பொழச்சிருப்பான். நான்தான் கொன்னுட்டேன்."

"நீங்க இல்ல அத்தான்." ருக்மணி முன்னால் வந்தாள். "அந்த இரைச்சல்ல உங்க சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது. நான் அந்த இடப்பக்கத்து மரத்துக்கு அடியிலதான் நின்னேன். வாங்க வாங்கன்னு கையை ஆட்டினேன். என்னையப் பார்த்துத்தான் ஓடி வந்தாரு. வெளிய சொல்லப் பயந்துட்டேன்." பிறகு புல்லில் கிடந்த விமானத்தைப் பார்த்தாள். "வலப்பக்கம் போயிருந்தா நெசமாவே பொழச்சிருப்பாரா?"

இவர் போய் விமானத்தை எடுத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நாடாவை முறுக்கினார். நான் பக்கவாட்டில் நின்றதால் எனக்குத் தெரிந்தது. இவர் கட்டைவிரல் அந்த வால் அட்டையை வலப்பக்கப் பென்சில் கோட்டைத் தாண்டி அழுத்தி மடக்கியது.

"நாடா சரியா முறுக்கல, அதான் போகல. இப்பப் பாரும்மா."

விமானம் வலப்பக்கம் வட்டம் போட்டு அவள் காலடியிலேயே வந்து இறங்கியது.

"எந்தப் பக்கம் ஓடியிருந்தாலும் பிளேன் பின்னாலயே வந்திருக்கும் ருக்மணி. உன் மேல தப்பு ஒண்ணும் இல்ல."

அவள் புல்லில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதாள். நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இந்த மனிதரை இத்தனை வருஷமும் கரித்துக் கொட்டியிருக்கிறேனே.

இப்போது விமானம் அலமாரி மேல் இருக்கிறது. இவர் இன்னும் சோற்றுக்கு நடுவில் எழுந்துதான் போகிறார். ருக்மணி வருகிற நாளில் மட்டும் கடைசிக் கவளம்வரை உட்கார்ந்து சாப்பிடுகிறார். தூசி தட்டும்போது அந்த மடங்கிய வால் அட்டை என் கையில் படும். நான் அதை நிமிர்த்துவதில்லை.