தவரத்தினத்தின் ஹீட்டர்

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில் நகைக்கடை வைத்திருந்த தவரத்தினத்துக்குத் தன் கடையில் இருந்த தங்கத்தைவிட, மேசைக்குக் கீழே நின்ற மின்சார எண்ணெய் ஹீட்டரில்தான் பெருமை அதிகம். தெருவில் பனி கொட்டினாலும் அவர் அரைக்கைச் சட்டையோடுதான் நிற்பார். வீட்டுக்கு எந்தச் சூடாக்கி போடலாம் என்று யாராவது வாய் திறந்தால் போதும், ஹீட்டரைக் காட்டுவார். ஆனால் யாரையும் தொட விடமாட்டார். சுட்டுவிடுமாம்.

அவருடைய நண்பர் குணசேகரத்துக்கு நகருக்கு வெளியே பொண்டியில் தனிவீடு. வீட்டைச் சூடாக்கிய பழைய கேஸ் பொய்லர் பழுதாகிவிட, வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து உள்ளே விடும் பம்பு ஒன்றைப் பூட்ட நினைத்திருந்தார்.

"உனக்கென்ன விசரோ? குளிர்காத்துக்குள்ளை எங்கையடா சூடு இருக்கு? இதிலை நாலு வாங்கி அறைக்கு ஒண்டா வை" என்றார் தவரத்தினம்.

குணசேகரம் வாங்கி வைத்தார். சில நாட்களில், வீடு சூடாகவில்லை என்று மூக்கைச் சிந்திக்கொண்டு சண்டைக்கு வந்தார். கடைக்குள் நுழைந்ததும் கம்பளித் தொப்பியைக் கழற்ற வேண்டியிருந்தது.

"பாத்தியே? ஹீட்டரிலை பிழையில்லை. உன்ரை வீட்டிலைதான் பிழை" என்றார் தவரத்தினம். குணசேகரம் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். திரும்பிப் போனார்.

ஜனவரியில், பக்கத்துச் சாப்பாட்டுக்கடைக் கலைமாறன் கடையைப் பூட்டிவிட்டு மகளின் கலியாணத்துக்குக் கனடா போனார். மறுநாளே நகைக்கடை குளிர்ந்தது. தவரத்தினம் ஹீட்டரை முழுதாகத் திருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அவருடைய மனைவி சிவனேஸ்வரி குளிர்ஜாக்கெட்டுக்கு மேல் ஜாக்கெட் போட்டாள். காப்பு வாங்க வந்த பெண், கையுறையைக் கழற்ற மனமில்லாமல் அப்படியே போய்விட்டாள். சிவனேஸ்வரி கணவனைக் கேட்காமலே திருத்துநரைக் கூப்பிட்டாள்.

வந்தவள் மர்கரீத் என்ற பிரெஞ்சுக்காரி. ஹீட்டரில் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவேயில்லை. பிறகு சுவரைத் தட்டி, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

"கொத்துரொட்டி போடுற பெரிய இரும்புக்கல்லு" என்றாள் சிவனேஸ்வரி பிரெஞ்சில்.

இந்த ஹீட்டர் செத்துப் பல வருடமாகியிருக்கும், விளக்கு மட்டும்தான் எரிகிறது, உங்கள் கடையைச் சூடாக்கியது பக்கத்துக் கடைக் குசினி அடுப்புதான் என்றாள் மர்கரீத்.

தவரத்தினம் உடனே கனடாவுக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, எப்ப வாறாய்?"

கலைமாறன் உருகிப்போனார். "என்னை இவ்வளவு தேடுறியளே, அண்ணை! வந்தவுடனை குசினியை மாத்தப்போறன். எல்லாம் இனிக் கரண்ட் அடுப்பு. சுவருக்கும் சூடு கடக்காமல் மறைப்பு அடிக்கிறன். இவ்வளவு நாளும் உங்களுக்கு வெக்கை தந்துபோட்டன்."

"ஐயோ, அப்பிடியொண்டும் இல்லை" என்றார் தவரத்தினம். உண்மையாகத்தான் சொன்னார்.

அடுத்ததாக, சிவனேஸ்வரியே குணசேகரத்துக்கு நம்பரை அழுத்திப் போனைக் கணவனின் கையில் வைத்தாள். முழுவதையும் கேட்டு முடித்தார் குணசேகரம்.

"நாலு ஹீட்டரையும் கொண்டு வாறன். உன்ரை தலையிலை போட."

உடனே கொண்டுதான் வந்தார். ஆனால் சிவனேஸ்வரியின் பல் கிட்டுவதைக் கண்டதும் மனம் இரங்கி, இன்னும் அங்கேயே நின்ற மர்கரீத் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல நாலையும் ஒன்றாகச் செருகினார். கரண்ட் தாங்காமல் கடை முழுவதும் இருண்டது.

அந்த இருட்டுக்குள் குணசேகரத்தின் குரல் கேட்டது: "மடாம், எனக்கு அந்தப் பம்பு."

"எங்களுக்கும்" என்றாள் சிவனேஸ்வரி.

மர்கரீத் இரண்டு இடத்தையும் அளந்து கணக்குப் பார்த்தாள். கடைக்குக் கட்டட உரிமையாளரின் அனுமதி வரத் தாமதமானதால், பொண்டியில்தான் முதலில் பூட்டினாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை குணசேகரம் கணவன் மனைவி இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டார். வெளியே பனி. தவரத்தினம் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. சுவரில் மாட்டியிருந்த பம்பின் பெட்டிக்குக் கீழே போய், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கையை நீட்டினார்.

"சூடு வருதோ?" என்று கேட்டார் பின்னால் நின்ற குணசேகரம்.

"வருது."

"எங்கையிருந்தாம்?"

தவரத்தினம் ஜாக்கெட்டைக் கழற்றினார்.