அஷ்டபுஜத்தின் அபிப்பிராயம்

கொல்லைத் தாழ்வாரத்தில் மரத்தொட்டியை இறக்கி, அதில் கடல் தண்ணீரை நிரப்பி, சாக்குத் துணி கட்டிய ஜாடியை அதற்குள் கவிழ்க்கும்போது என் கணவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். பூரியிலிருந்து ராத்திரி முழுவதும் ரயிலில் அந்த ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர். உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

நான் பார்த்தேன். அவருடைய அக்கா ராஜலக்ஷ்மியும் பார்த்தார்.

"என்னடா அனந்து இது, பிழியாத கந்தலாட்டம்?"

கந்தல் ஒரு கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தது. பிறகு மெல்ல விரிந்தது. சாம்பல் நிறம் செம்மண் நிறமாக மாறிற்று. ஒவ்வொரு கையாக நீண்டு தொட்டியின் பலகைகளைத் தடவிப் பார்க்கத் தொடங்கியது.

"ஆக்டோபஸ், அக்கா. எட்டுக் கை. உயிரோட கல்கத்தாவுக்கு வர்றது லேசுப்பட்ட காரியம் இல்லை" என்றார் அவர். குரலில் அத்தனை சந்தோஷம்.

அவர் வேலை பார்த்தது பிராணிகளைச் சேகரித்துப் பெயரிட்டு வைக்கும் ஒரு அலுவலகத்தில். வந்த நாளிலிருந்து பூச்சிகளை ஊசியில் குத்தி அடுக்குவதே வேலை. கடல் பிரிவுக்குப் போக வேண்டும் என்பது அவருடைய கனவு. உயிருள்ள ஆக்டோபஸ் ஒன்றைக் கொண்டுவருகிறவனைக் கடல் பிரிவில் போடுவதாக அலுவலகத்துப் பெரிய ஸாஹேப் சொல்லியிருந்தார். இப்போது துர்கா பூஜை விடுமுறை. ஸாஹேப் டார்ஜிலிங்கில் இருந்தார்.

"விடுமுறை முடிஞ்சு ஸாஹேப் வரவரைக்கும் இதைக் காப்பாத்திட்டா போறும்."

"அதுக்கப்புறம்?" என்று கேட்டேன்.

"அப்புறம் ஸ்பிரிட்ல போட்டுப் புட்டியில வெச்சுடுவா. நூறு வருஷம் கெடாது."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். நூறு வருஷம் என்பது நல்ல ஆயுள்தானே என்பதுபோல.

தண்ணீரில் காற்றுக் கலக்க வேண்டுமாம். அதற்காகத் தொட்டித் தண்ணீரையே சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றும் வேலை எனக்கு வந்தது. தீனிக்கு உயிருள்ள நண்டு வேண்டும். பவானிபூரில் எங்கள் தெருவில் நண்டுக்குப் பஞ்சமில்லை, எங்கள் வீட்டுக்குள் அது வருவதுதான் கஷ்டம். அடுத்த வீட்டு கிரிபாலா உதவிக்கு வந்தாள்; தீதி, அதாவது அக்கா, என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். தினமும் தன் வீட்டு நண்டில் ஒன்றை நூலில் கட்டி, மதில் வழியாக நேரே தொட்டிக்குள் இறக்குவாள். அந்த நேரத்தில் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று ஸ்லோகம் சொல்வார்.

தொட்டியைப் பார்த்த முதல் நாளே தீதி கைகளை எண்ணிவிட்டுச் சிரித்தாள். எங்களோடு அவள் பேசுவது பாதி வங்காளம், பாதி சைகை. தெருமுனைப் பந்தலில் இருந்த துர்கையின் பக்கம் கையைக் காட்டி, எங்கள் அம்மாவுக்குப் பத்து, உங்கள் அம்மாவுக்கு இரண்டு குறைச்சல் என்றாள்.

"குறைச்சலாவது! அஷ்டபுஜம்னு காஞ்சிபுரத்துல பெருமாளே இருக்கார்" என்று அக்கா தமிழிலேயே பதில் கொடுத்தார். தீதிக்குப் புரிந்ததோ இல்லையோ, பெயர் நின்றுவிட்டது. அஷ்டபுஜம்.

நான் சொம்பும் கையுமாக அதன் எதிரில் உட்கார்ந்திருந்த நேரங்களை எப்படிச் சொல்வது? சின்ன வயதிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு: பராக்குப் பார்க்கிறவள். கை காய் நறுக்கும், காது தெருவில் போகும் வண்டியைக் கேட்கும், மனசு எங்கோ படித்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரே இடத்தில் இருக்கத் தெரியாதவள் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, அது ஏதோ ஒரு வியாதி என்று நானும் நம்பியிருந்தேன். அஷ்டபுஜத்தைப் பார்த்தால், அதன் ஒரு கை நண்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்று பலகையின் இடுக்கைத் துழாவிற்று. மூன்றாவது கை, மற்றவற்றோடு சம்பந்தமே இல்லாததுபோல, நான் ஊற்றும் தண்ணீரின் தாரையோடு விளையாடிக்கொண்டிருந்தது. கண்ணோ என்னைப் பார்த்தது. அதில் அவசரம் இல்லை, வெட்கமும் இல்லை. இத்தனை இடத்தில் இருந்தும் ஒருத்தியாக இருக்க முடியும் என்று எனக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை.

ஒரு காலை, குளித்து மடியாக ஈரப்புடவையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தாரையோடு விளையாடிய கை மேலே வந்து என் சுண்டுவிரலைச் சுற்றிக்கொண்டது. சில்லென்று இருந்தது. சின்னச் சின்ன வாய்கள் ஒவ்வொன்றாக என் விரலைத் தொட்டு, யோசித்து, அடுத்த வாயிடம் கொடுத்தன. கூச்சத்தில் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயையோ! சுப்பு! மடி போச்சு!" என்று சமையலறை வாசலிலிருந்து அக்கா கத்தினார்.

"எப்படிப் போகும் அக்கா? பொறந்ததுலேர்ந்து இது தண்ணியை விட்டு எழுந்தே இருக்கலையே. இதைவிட மடி யாரு?"

அக்கா கும்பகோணத்திலிருந்து கங்கா ஸ்நானத்துக்காகவே வந்து எங்களோடு தங்கியிருந்தவர். குழாய்க்குள் தோல் வளையம் இருக்கிறது என்று குழாய்த் தண்ணீரைக் கையால் தொடமாட்டார். தனக்கென்று தண்ணீர்க்காரனிடம் கங்கை ஜலம் வாங்கி, புது மண்குடங்களில் மூடித் தாழ்வாரத்தில் வரிசையாக வைத்திருந்தார். அப்படிப்பட்டவர் நான் சொன்னதைக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அதுவும் வாஸ்தவந்தான்" என்றார். "நித்ய ஸ்நானம்."

அதிலிருந்து அவருக்கும் அதற்கும் சிநேகம். ஜபம் முடித்துவிட்டு வந்து தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, ஊரில் இருக்கும் தன் நாட்டுப்பெண்ணைப் பற்றிய குறைகளை அதனிடம் சொல்வார். அது முழுவதையும் கேட்கும்.

என் கணவரை மட்டும் அதற்குப் பிடிக்கவில்லை. அவர் தினமும் மூங்கில் குச்சியால் கைகளை நிமிர்த்திப் பிடித்து நீளம் அளப்பார். மூன்றாம் நாளிலிருந்து, அவர் தாழ்வாரத்தில் காலை வைத்த உடனேயே தொட்டிக்குள்ளிருந்து தண்ணீர் பீச்சிக்கொண்டு வந்து அவர் சட்டையில் விழும்.

"உங்களை அதுக்கு அடையாளம் தெரியறது" என்றேன்.

"அடையாளமாவது! பயந்தா பீச்சும். தும்மல் மாதிரி. அதுக்கு மனசு கினசு எல்லாம் ஒண்ணும் கிடையாது."

"எங்களைப் பார்த்துத் தும்மலையே?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விஜயதசமி வந்தது. தெரு முழுக்கக் கொட்டு முழக்கம். துர்கையைக் கங்கையில் கரைக்க எடுத்துப்போக மாட்டுவண்டி தயாராக நின்றது. தீதி கன்னமெல்லாம் குங்குமமாக மதிலுக்கு மேல் தலையை நீட்டி, எல்லாரும் வாசலுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டாள். நானும் அவரும் போனோம். அக்கா பின்னால் வருவதாகச் சொன்னார்.

திரும்பி வந்தபோது தொட்டி காலி.

அவர் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். எதற்கோ கையை நக்கிப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"இதுல உப்பே குறைஞ்சிருக்கு. யாரு இதுல தண்ணி ஊத்தினது?"

அக்கா சமையலறை வாசலில் நின்றார். முகத்தில் அத்தனை பிரகாசம். "நான்தாண்டா. ஒரு குடம் கங்கை. நல்ல நாளும் அதுவுமா எல்லாருக்கும் கங்கை கிடைக்கறது, பாவம், வாயில்லாத ஜீவன், அதுக்கு மட்டும் கிடைக்க வேண்டாமான்னு..."

"அக்கா! நல்ல தண்ணி அதுக்கு விஷம்!"

அக்காவின் முகம் சுருங்கியதை என்னால் பார்க்க முடியவில்லை. "கங்கை எப்படிடா விஷமாகும்?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் தேடினோம். தொட்டியைப் புரட்டினோம், விறகைக் கலைத்தோம். அவர் சாக்கடை வாயில் படுத்து உள்ளே பார்த்தார். அது செத்துக் கிடக்கும் இடத்தைத்தான் தேடுகிறோம் என்று மூவருக்கும் தெரிந்தது. அப்போதுதான் என் கண்ணில் அந்த ஈரத்தடம் பட்டது. தொட்டியிலிருந்து தாழ்வாரத்தின் ஓரத்துக்கு, குடங்கள் இருந்த பக்கம் போயிற்று.

அங்கே அக்காவின் கங்கைக் குடங்களும், என் கணவர் பூரியிலிருந்து தகரங்களில் கொண்டுவந்து, தொட்டியில் மாற்றுவதற்காக ஊற்றி வைத்திருந்த கடல் தண்ணீர்க் குடங்களும் ஒரே வரிசையில் இருந்தன. எல்லாம் ஒரே குயவனிடம் வாங்கியவை, ஒரே மாதிரி மூடிகள். எது எது என்று எங்களுக்கே அடிக்கடி குழம்பும். ஈரத்தடம் முதல் குடத்தின் மேல் ஏறியிருந்தது. மூடி நகர்ந்திருந்தது. உள்ளே கங்கை. அடுத்ததிலும் மூடி நகர்ந்திருந்தது. அதுவும் கங்கை. அதற்கடுத்த குடத்தின் மூடி மட்டும் ஒழுங்காக மூடியிருந்தது. வெளிப்புறம் முழுக்க ஈரம்.

அவர் மூடியைத் தூக்கப் பார்த்தார். அது வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பலமாக இழுத்தார். மூடி வந்தது. கூடவே ஒரு தாரைக் கடல் தண்ணீர் நேராக அவர் முகத்தில்.

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார். நானும்தான். மதிலுக்கு மேலிருந்து தீதி, "ஓ மா! ஓ மா!" என்று கைகொட்டினாள். முகத்திலிருந்து உப்பு நீர் சொட்டச் சொட்ட அவர் அப்படியே நின்றார்.

"ஒவ்வொண்ணா ருசி பாத்திருக்கு" என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுபோல இருந்தது. "சரியானதைக் கண்டுபிடிச்சு, உள்ள போயி, கதவையும் சாத்திண்டிருக்கு."

"நீ தள்ளிக்கோ" என்று அக்கா குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கை மட்டும் வெளியே வந்து அக்காவின் ருத்ராட்சத்தைத் தொட்டுப் பார்த்தது. "என்னை மன்னிச்சுடும்மா" என்றார் அக்கா அதனிடம். நான் எட்டிப் பார்த்தேன். விரல் கிடைத்தது, பிடித்துக்கொண்டது. அவர் எட்டிப் பார்த்தார். பீச்சியது.

"பொறு" என்றார் அவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வந்தார். பீச்சியது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். பீச்சியது. கடைசியில் அக்காவின் பட்டுச் சால்வையை முக்காடாகப் போட்டுக்கொண்டு, குனிந்து, பெண்பிள்ளை நடை நடந்து வந்தார். அஷ்டபுஜம் இந்தத் தடவை கொஞ்சம் தாமதித்தது. சால்வையைப் பார்த்தது. உள்ளே இருந்த முகத்தைப் பார்த்தது. பிறகு நிதானமாக, குறி தவறாமல் பீச்சியது.

"என் சால்வைடா பாவி!" என்று அக்கா கத்தினார்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை. தோள்கள் குலுங்கின.

"நான் என்ன அப்படிப் பண்ணிட்டேன் இதுக்கு?"

"குச்சியால குத்தினேளே, தினமும்" என்றேன்.

வெளியே கொட்டு முழக்கம் தூரத்தில் கங்கையின் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"சுப்பு, என்னைப் பத்தி ஒரு அபிப்பிராயம் வெச்சிண்டிருக்கறதை நான் எப்படிப் புட்டியில போடுவேன்?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து சாப்பிட்டதில்லை, சேர்ந்து நடந்ததில்லை. எனக்கும் அவரைப் பற்றி ஒரு அபிப்பிராயம் இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்திருப்பாரா என்று சில சமயம் எனக்குத் தோன்றியதுண்டு. ஈரம் சொட்ட உட்கார்ந்திருந்த அந்த மனிதரை அன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். அக்கா இருந்தார், மதிலுக்கு மேல் தீதி இருந்தாள். அவருடைய துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். புரிந்திருக்க வேண்டும்.

"ஸாஹேபுக்கு என்ன சொல்வேள்?"

"உள்ளதைச் சொல்றேன். கொண்டுவந்தேன், திருப்பி விட்டுட்டேன்னு. பூச்சி குத்தறவனாவே இருந்துட்டுப் போறேன்." கொஞ்சம் யோசித்தார். "இந்தக் குடத்து விஷயத்தை மட்டும் அவர்கிட்ட சொல்லணும். நம்பமாட்டார். ஆனாலும் சொல்லணும்."

ஸாஹேப் வருவதற்குள் நாங்கள் மூவரும் பூரிக்கு ரயில் ஏறினோம். எனக்கு அதுவே முதல் கடல். குடத்தை இம்முறை அக்கா மடியில் வைத்துக்கொண்டார். எதிரில் உட்கார்ந்திருந்த வங்காளி மனிதர் குடத்தில் கங்கை ஜலமா என்று கேட்டபோது, இல்லை, கடல் என்று நான் சொன்னேன். ஊரிலிருந்து கடலைக் கடற்கரைக்குக் கொண்டுபோகிறவர்களை அவர் முன்பு பார்த்திருக்கமாட்டார். மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார்.

விடியற்காலை அலைகள் அமைதியாக இருந்தன. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் ஆழத்துக்குப் போய்க் குடத்தைச் சாய்த்தார். அது உடனே வெளியே வரவில்லை. ஒரு கை வந்து தண்ணீரைத் தொட்டது. பிறகு இன்னொன்று. பிறகு மொத்தமாக, ஒரு பட்டுத்துணி வழுக்குவதுபோல இறங்கி மணலில் உட்கார்ந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணல் நிறமாயிற்று. அப்புறம் மணல்தான் இருந்தது.

அவர் காலைத் தூக்கி வைக்கவே பயந்து, குனிந்து தேடிக்கொண்டு நின்றார்.

"போகும்போது என்னைத் திரும்பிப் பாத்ததா?"

பார்த்தது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று எனக்குப் பொய் தேவைப்படவில்லை.

"இல்லை. அதுக்குத் தலைக்கு மேல வேலை. எட்டுக் கைக்கும் கடல் கிடைச்சிருக்கே."

அவர் நிமிர்ந்து கடலைப் பார்த்தார். அதன் நீளத்தை அளப்பவர்போல ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கொஞ்ச தூரத்தில் அலை அக்காவைக் கீழே தள்ளி உருட்டிவிட்டது. எழுந்து வாயிலிருந்து உப்பைத் துப்பிக்கொண்டே, "வாங்கோ, ரெண்டு பேரும் வாங்கோ, என்னமா இருக்கு தெரியுமா!" என்று கத்தினார். என் கணவர் என் பக்கம் கையை நீட்டினார், வெட்டவெளியில், ஜனங்களுக்கு நடுவில். நான் பிடித்துக்கொண்டேன். நாங்கள் ஓடினோம்.