தேறும் என்றான் வெல்டர்

மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போகும்போது கறி சுடுகிற ஒரு பழைய பார்பிக்யூ அடுப்பை அம்போவென்று விட்டுப் போனார்கள். தையல்காரியின் கணவர் அதைப் படிக்கட்டில் தடதடவென்று இழுத்துக்கொண்டு இறங்கினார். இறங்கியதோடு விட்டாரா? நேரே கொண்டுபோய்ப் பின்வாசல் மூலையில் நிறுத்தினார். வேறு இடமே கிடைக்கவில்லையாம் மனுஷனுக்கு!

அந்த மூலை அவளுக்கென்று சொல்லி வைத்தது. மேலே கூரை இருந்தது, பகலெல்லாம் நல்ல வெளிச்சம். தையல் மெஷினைப் படுக்கையறையிலிருந்து அங்கே மாற்றிவிட்டால், கறுப்புத் துணியில் கறுப்பு நூலைத் தேடிக் கண் பூத்துப்போக வேண்டாம். மெத்தையில் குண்டூசி குத்துகிறது என்று யாரும் துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். "அடுத்த வாரம் மாத்திடலாம்" என்று கணவர் சொல்லிச் சொல்லியே வாரங்கள் ஓடின. இப்போது பார்த்தால் அங்கே ஒரு துருப்பிடித்த பூதம் நிற்கிறது. வயிறு எரியுமா எரியாதா?

"மரியாதையா இதை எடைக்குப் போடுங்க" என்றாள்.

"எடைக்கா? நல்லா இருக்கே கதை! அந்தக் காலத்து இரும்புடி இது. நல்லாத் தேய்ச்சுப் பெயின்ட் அடிச்சா ஜம்முனு ஆயிடும்."

கணவருக்குச் செருப்புக் கடையில் வேலை. நாளெல்லாம் ஊரார் காலைப் பிடிக்கிறவர், வீட்டுக்கு வந்தால் பிடிவாதம்தான் பிடிப்பார். வாக்குவாதம் முற்றிப்போய், கடைசியில் பஞ்சாயத்து அவளுடைய தம்பியிடம் போனது. அவன் வெல்டர், இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிறவன். அவன் வந்து பார்த்துத் தேறும் என்றால் அடுப்பு அங்கேயே இருக்கும். தேறாது என்றால் அன்றைக்கே மூலை காலி, மெஷின் அங்கே வரும். இரண்டு பேரும் சரி என்றார்கள். சரி என்ற கையோடு அவள் குளியலறைக்குள் புகுந்து, குழாயைத் திறந்துவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், 'தேறாது'ன்னு ஒரே வார்த்தை. அதுக்கு மேல வாயைத் திறக்காதே. நீ குடுத்து வச்ச ரெண்டு சட்டையையும் காசு வாங்காம தைச்சுத் தர்றேன்."

"சொல்லிட்டாப் போச்சுக்கா!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி சுத்தியலும் ஸ்க்ரூடிரைவருமாக வந்து இறங்கினான். பெரிய டாக்டர் மாதிரி அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தான். மூடியைத் தூக்கினான், கீல் கீச்சென்று அலறியது. காலில் தட்டினான், டங் என்றது. தொட்டியில் தட்டினான், டொப் என்றது. "அடடா" என்று உச்சுக்கொட்டிவிட்டு ஸ்க்ரூடிரைவரால் அடியில் ஒரு குத்து குத்தினான். அது அப்பளத்தில் குத்தியது போல மறுபக்கம் வந்துவிட்டது. தையல்காரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இனி என்ன, சொல்ல வேண்டியதுதானே!

தம்பி சொல்லவில்லை. அவளைப் பார்த்தான், பிறகு அவள் கணவரைப் பார்த்தான். கணவர் கதவில் சாய்ந்துகொண்டு பைக் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார். யாரையும் தொடவிடாத பைக். தம்பி ஓட்டக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பைக். சாவி சுற்றுகிற பக்கமெல்லாம் தம்பியின் கண்ணும் சுற்றியது. அடப்பாவி, இரண்டு பக்கமும் கை நீட்டியிருக்கிறானே! அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

தம்பி சாவியைப் பார்த்துக்கொண்டே "தேறும்" என்றான்.

"கேட்டியா? நல்லாக் கேட்டுக்கோ!" கணவர் கையைத் தட்டிக் குதித்தார்.

அவளுக்குத் தம்பியை அங்கேயே அறையலாம் போலிருந்தது. ஆனால் நாக்கு கையைவிட வேகம். "எவ்வளவுடா தேறும்?" என்றாள்.

தண்ணீரில் தத்தளிக்கிறவனுக்குக் கயிறு கிடைத்தது போல ஆகிவிட்டது அவனுக்கு. "ஒரு பதினஞ்சு கிலோ தேறும்க்கா!"

"கிலோவா? என்னடா கிலோ?"

"இரும்பு மாமா. எடைக்குப் போட்டா பதினஞ்சு கிலோ தாராளமாத் தேறும். நான் அதைத்தானே சொன்னேன்?"

"பொய்! அப்படியே அந்தர்பல்டி அடிக்கிறான் பாரு!"

"சொன்னது சொன்னதுதான்" என்றாள் அவள், சிரிப்பை அடக்க முடியாமல்.

கணவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முகம் தொங்கிவிட்டது. "எனக்கென்ன, கறி சுட்டுத் திங்கணும்னா ஆசை?" என்றார். "கடையில வேலை செய்யுற எல்லார் வீட்டுக்கும் போய்ச் சாப்பிட்டு வந்திருக்கேன். நம்ம வீட்டுக்கு ஒருத்தனையும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டா எங்க உட்கார வைக்கிறது? உன் துணி மூட்டை மேலயா? இங்க நின்னு அடுப்பை மூட்டினா நாலு பேர் வந்து சிரிச்சுப் பேசிட்டுப் போவாங்கன்னு பார்த்தேன்."

சொல்லிக்கொண்டே, தானே தூக்கிப் போட்டுவிடலாம் என்று அடுப்பைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். தொட்டியின் அடி மொத்தமாகப் பெயர்ந்து, மாடி வீட்டுக்காரர்கள் எந்தக் காலத்திலோ எரித்த சாம்பல் முழுக்கத் தம்பியின் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. கணவர் அந்த ஓட்டை வழியாகத் தன் காலையே பார்த்தார்.

"தேறாது" என்றார்.

ஒரு வாரமாகக் காத்திருந்த வார்த்தை. கேட்டதும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இல்லை. தனக்கென்று ஓர் இடம் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே அலைவது எப்படி இருக்கும் என்று அவளுக்கா தெரியாது?

தம்பியை அடுப்போடு சேர்த்து வெளியே அனுப்பிவிட்டு மெஷினை இழுத்து வந்து போட்டாள். அது சுவரோரம் பாதியைத்தான் பிடித்தது. அதற்கு மேல் பிடிக்காது என்று அவளுக்கு முன்பே தெரியும், அவரிடம் சொன்னதில்லை. மீதி இடத்தைச் சாண் போட்டு அளந்தாள்.

"ரெண்டு நாற்காலி போடலாம்" என்றாள். "உங்க கடை ஆளுங்களைக் கூப்பிடுங்க."

கணவர் நம்பாமல் பார்த்தார். "நீ தைக்கிற இடத்துலயா? சத்தம் போட்டா வைவியே?"

"வைவேன்தான். வாங்கிக்கிட்டே பேசுங்க."