விளக்குக் கம்பத்தில் வில்மா

எங்கள் பேராலய நகரத்தில் பிரபலங்களுக்குப் பெரிய பஞ்சம். ஒரு பிஷப், ஒரு ஓவியர், ஒரு கிரிக்கெட்காரர், அவ்வளவுதான். அந்தக் கிரிக்கெட்காரரும் இங்கே பிறந்ததோடு சரி. மே மாதச் சந்தைக்கு இவர்கள் படங்களைத் துணியில் அச்சடித்துக் கடைத்தெரு விளக்குக் கம்பங்களில் தொங்கவிடுவோம். பாதிக் கம்பங்கள் காலியாகவே நிற்கும். பாரம்பரியச் சங்கத் தலைவர் டெஸ்மண்டுக்கு அது தீராத மனக்குறை.

இந்த வருஷம் சந்தைக்கு முந்தின நாள் காலை, என் கம்பளிநூல் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் வில்மா படியிறங்கி வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

“நோரீன், வெளிய பாரு,” என்றாள்.

எதிர்க் கம்பத்தில் அவள் படம். கீழே, ‘ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த நம் வில்மா ரட்’ என்று கொட்டை எழுத்தில். ரட் என்பது அவள் பழைய பெயர்; டெஸ்மண்ட் எந்தப் பழைய பேப்பரிலிருந்தோ தோண்டி எடுத்திருக்கிறார். அவள் வேறு குடும்பப் பெயரில் இங்கே வந்து ஒளிந்தது எதற்கென்று எனக்கு மட்டும்தான் தெரியும். நீந்திய கையைத்தான் அவள் புருஷன் முறித்தான். வெளியே வந்ததும் மிச்சத்தை முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் சிறைக்குப் போனான். குளிர்காலத்தில் விடுதலையாகிவிட்டான்.

ஏணியில் நின்று அடுத்த படத்தைக் கட்டிக்கொண்டிருந்த டெஸ்மண்டைப் பிடித்தேன்.

“அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேக்கிறதா? பிஷப்பைக் கேட்டா மாட்டினோம்?”

“பிஷப் செத்து முந்நூறு வருஷமாச்சு, மனுஷா. இவ உயிரோட இருக்கா.”

உயிரோடிருக்கும் பிரபலம் எங்களுக்கு அதுவரை வாய்த்ததே இல்லை. கேட்டுவிட்டு மாட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் ஏணியைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கம்பத்துக்கு ஓடினார். அவசரமாகப் படத்தை அறுத்து இறக்கினார்.

“நேத்து பேப்பர்லயும் வந்துடுச்சு நோரீன்,” என்றார். “ஊர் பேரோட.”

படுபாவி. வேறென்ன சொல்ல?

போலீசுக்குப் போன் செய்தேன். பக்கத்து ஊரிலிருந்துதான் ஆள் வர வேண்டுமாம். என் அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்று வில்மாவைப் பெட்டி கட்ட மாடிக்கு அனுப்பிவிட்டுக் கார் சாவியைத் தேடினேன். மேஜை மேலேயே கிடந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை.

கடை மணி அடித்தது. பேராலயத்துக்கு வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும் ஹில்டா நின்றாள். கூடவே பூங்கொத்தோடு ஒரு ஆள்.

“நோரீன், இவரு எவ்ளோ தூரத்துல இருந்து வந்திருக்காரு தெரியுமா? பேப்பர்ல பாத்தாராம். வில்மாவோட ரசிகரு. வீடு எங்கன்னு கேட்டாரு, நானே கூட்டிட்டு வந்துட்டேன்.”

ஊர்ப் பிரபலத்தைப் பற்றி யாராவது விசாரித்தால் வாசல்வரை கொண்டுபோய் விடுவது எங்கள் வழக்கம். ஹில்டாவின் முகத்தில் பெருமை வழிந்தது.

“அவ இங்க இல்ல,” என்றேன்.

மாடியிலிருந்து வில்மா கேட்டாள். “நோரீன், கார் ரெடியா?”

அந்த ஆள் புன்னகைத்தான். “ரொம்ப உபகாரம்மா. நீங்க கிளம்புங்க, இனிமே நான் பாத்துக்கறேன்.”

ஹில்டாவை வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டான். பூங்கொத்தை நூல்கண்டுகள் மேல் வைத்தான்.

பின்வாசல் இல்லாத பழைய கட்டடம் இது. மாடிப்படியின் அடியில் போய் இரண்டு பக்கக் கைப்பிடிகளையும் பற்றிக்கொண்டு நின்றேன். “வில்மா, கதவைப் பூட்டிக்கோ,” என்று கத்தினேன். நான் நகரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹில்டா எங்களைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையசைத்துக்கொண்டிருந்தாள்.